பதினோராவது நிமிடம்

ஈஸ்வரபாண்டிக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கம்பத்தில் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். ‘நாளைக்குக் காலைல ரெடியா இருக்கும்’ என்று ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது முகம் மாறாமல் சொல்லுவான். அப்பேர்ப்பட்டவன், அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் மகள் உமாதேவி ஒரு சிடியை எடுத்து மேசைமேல் வைத்ததும், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தவறவிட்டான். அதை எடுக்கக் குனிந்தவன் நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

சிடியின்மேல் பச்சை மார்க்கரில் எழுதியிருந்தது: ‘அண்ணன் – தம்பி ஆட்டம், 18.5.2003’. அவனுடைய கையெழுத்துதான்.

“அப்பாவோட தகரப் பொட்டில இருந்துச்சு சித்தப்பா. தோட்டத்தக் காலி பண்ணி சாமானெல்லாம் இறக்குனோம்ல, அதோட வந்துச்சு. என் லேப்டாப்புல போட்டுப் பாத்தேன். இதுல ஓடாதுன்னு வருது. ‘உன் சித்தப்பன்கிட்டக் கொண்டு போ, அவன்கிட்டப் பழைய மிசின் கெடக்கும்’னு அப்பாதான் சொன்னாக. நாளைக்கு அவுகளும் வர்றாக.”

“நாளைக்கேவா?”

“ஞாயித்துக்கிழமதான, உங்களுக்கும் கடை லீவு. அப்பா இப்பவே சட்டைய எடுத்து வெளிய வச்சுட்டாக.”

ஈஸ்வரபாண்டி சிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கீறல் விழுந்து கெடக்கே தாயி. இருவத்திரண்டு வருசம் ஆச்சு. இது படிக்கிறது கஷ்டம்.”

“படிச்சிருச்சு சித்தப்பா. அம்புட்டையும் பென் டிரைவுல ஏத்திட்டேன்.” அதையும் எடுத்து சிடிக்குப் பக்கத்தில் வைத்தாள். தேனியில் இன்ஜினியரிங் காலேஜில் இரண்டாம் வருடம் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை. அதனிடம் போய்க் கீறல் கதை சொன்னது அவன் தப்பு.

முடியாது என்று சொல்லவும் வழியில்லை. இந்தப் பக்கத்து ஏலக்காய் வியாபாரிகளில் சிலர் இருபது வருடத்துக்கு முந்திய பில் போடுகிற புரோகிராமை இன்னமும் விட மாட்டேன் என்கிறார்கள். அது விண்டோஸ் 98-ல்தான் ஓடும். அதற்காகவே கடையின் பின்னறையில் நாலு பழைய மிசின்களைத் துடைத்து, கெட்டதைக் கழற்றி நல்லதை மாட்டி உயிரோடு வைத்திருக்கிறான். தேவாரம் ஊரிலிருந்துகூட ஆள் தேடி வருகிறார்கள். ஊருக்கெல்லாம் ஓட்டிக் கொடுப்பவன் அண்ணனுக்கு மட்டும் ஓடாது என்றால் யார் நம்புவார்கள்? ‘சரி தாயி, வரச் சொல்லு’ என்று சொல்லி அனுப்பினான். அவள் போனதும் ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தான்.

அவன் இப்படிப் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிடலாம்.

2003-ல் அவர்களுடைய அப்பா கேரளத்துப் பக்கம் மலைமேல் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருவன் மேலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூத்தவர் சுருளிவேலுக்கு அப்போது இருபத்துநாலு வயது, மதுரையில் எம்.சி.ஏ. படிக்க இடம் கிடைத்துக் கடிதமும் வந்திருந்தது. இளையவன் ஈஸ்வரபாண்டிக்கு இருபத்தொன்று. கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரை அனுப்புவது என்று அப்பாவால் முடிவு செய்ய முடியவில்லை. கோவிலில் பூக்கட்டிப் பார்த்துவிடுவோம், சிவப்புப் பூ வந்தால் பெரியவன், வெள்ளைப் பூ வந்தால் சின்னவன் என்று நாள் குறித்துவிட்டார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் காலத்தில் பூவாவது பொட்டலமாவது! அப்போது பிரவுசிங் சென்டரில் எல்லோரும் ராஜா கேம் என்று கூப்பிட்ட விளையாட்டு ஒன்று உண்டு. மரம் வெட்டி, வீடு கட்டி, தங்கம் சேர்த்து, படை திரட்டி எதிரியை அழிக்க வேண்டும். இரண்டு மிசினைக் கேபிளால் இணைத்துக்கொண்டு இருவரும் மோதலாம். “பூவுல என்னடா நியாயம் இருக்கு? அது குருட்டுச் சீட்டு. இதுல ஆடுவோம். தோத்தவன் மேல போவோம். அப்பாகிட்ட நானே போறேன்னு சொல்லிறணும், அம்புட்டுதான்” என்றார் சுருளிவேல். பூ கேட்பதைத் தவிர்த்து ராஜா கேமிடம் குறி கேட்ட அண்ணன் தம்பி இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்டரை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு, முதுகோடு முதுகாக உட்கார்ந்து ஆடினார்கள். அண்ணனுக்கு நீலப் படை, தம்பிக்குச் சிவப்பு. சுருளிவேல் மன்னாதி மன்னர். யோசித்து யோசித்து ஆடுவார், ஆனால் ஒரு அடிகூட வீணாக வைக்க மாட்டார். பத்து நிமிடத்திலேயே ஈஸ்வரபாண்டிக்குத் தெரிந்துபோனது, தோற்கப்போகிறோம் என்று.

தோற்றால் மலை. ஒரே ஒரு தடவை அப்பாவோடு அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தான். மழையில் நடந்து வந்து பேண்ட்டைச் சுருட்டினால், முழங்காலுக்குக் கீழே ஏழு அட்டைகள். அன்று அவன் போட்ட கூப்பாட்டில் தோட்டத்து ஆட்கள் சிரித்தார்கள். சொல்லக் கேவலம், அண்ணனுடைய படிப்பை அவன் பறித்தது பெரிய ஆசை எதற்காகவும் இல்லை. அட்டைக்குப் பயந்துதான்.

ஆட்டத்தின் பதினோராவது நிமிடத்தில் விளையாட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிற ஒரு திருட்டுச் சொல்லை, அதாவது சீட் கோடை, டைப் செய்து என்டர் தட்டினான். அவன் கஜானாவில் இருந்த இருநூறு தங்கம் பத்தாயிரத்து இருநூறானது. அது அண்ணனுடைய திரையில் தெரியாது. இருபதாவது நிமிடத்தில் அறுபது குதிரைகள் நீலக் கோட்டைக்குள் புகுந்தன. சுருளிவேல் நாற்காலியைத் திருப்பி, தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். “பின்னிட்டடா” என்றார். பிறகு, “இந்த ஆட்டத்த எனக்கு ஒரு சிடில எழுதிக் குடு. மேல கொண்டு போறேன்” என்றார். மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். அதனால் விளையாட்டு தானே சேமித்து வைத்திருந்த பதிவை எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் அப்பாவிடம், “பூவெல்லாம் வேணாம்ப்பா, நானே போறேன்” என்றார் சுருளிவேல். அப்பா கண் கலங்கிவிட்டார். சாகும்வரை, ‘என் மூத்த மகன் தம்பிக்காகப் படிப்ப விட்டவன்’ என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருந்து கேட்டவன் ஈஸ்வரபாண்டி. பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் ஜீப்பில் வந்து பொட்டலம் பொட்டலமாக ஏலக்காய் கொடுத்துவிட்டுப் போவார். அவன் வீட்டு டீயில் ஏலக்காய் போட்டால் அவனுக்கு இறங்காது. அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் மனைவி பூமாரி இன்றுவரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது குத்தகை முடிந்து, மலைக் குளிரில் நெஞ்சில் இழுப்பு வாங்கிக்கொண்டு, அண்ணன் கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரில் வந்து குடியிருக்கிறார். நாளைக்கு ஆட்டம் பார்க்க வருகிறார்.

உமாதேவி போன கையோடு ஈஸ்வரபாண்டி கடையைப் பாதி அடைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனான். ஒரு மிசினைத் தட்டி எழுப்பி, ராஜா கேமை ஏற்றினான். பழைய மானிட்டரில் கொட்டு முழக்கத்தோடு கோட்டை வாசல் திறந்தது. பென் டிரைவிலிருந்த பதிவைப் போட்டான். ஒரு மூலையில் நீலத்துக்கும் சிவப்புக்கும் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆடும்போது அடுத்தவன் கணக்குத் தெரியாது. பதிவில் இரண்டும் தெரியும். பதினோராவது நிமிடத்தில் சிவப்பு எண் எகிறியதைப் பார்த்தபோது, இப்போதுதான் திருடியவன்போல வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

பதிவை அழித்துவிடலாம் என்றால் மூலச் சிடி இருக்கிறது, உமாவின் லேப்டாப்பில் ஒன்று இருக்கும். யோசித்துக்கொண்டே இருந்தவனுக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு வழி தட்டுப்பட்டது.

அந்த விளையாட்டு ஆட்டத்தை சினிமா மாதிரிப் படம்பிடித்து வைப்பதில்லை. யார், எந்த நொடியில், என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதி வைக்கும். பதிவைப் போட்டால் அந்தக் கட்டளைகளை வைத்து ஆட்டத்தை மறுபடி நடத்திக் காட்டும். சமையல் குறிப்பை வைத்துச் சமைப்பதுபோலத்தான். ராஜா கேமில் மறு வருடம் வந்த வெர்சனில் திருட்டுச் சொற்களை எடுத்துவிட்டார்கள். அந்த வெர்சனில் இந்தப் பதிவை ஓட்டினால் சொல் செல்லாது, தங்கமும் ஏறாது. ஒரு பழைய பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அது இருந்தது. ஏற்றிப் பார்த்தான். பதினோராவது நிமிடம் வந்தது, போனது. சிவப்பு எண் அசையவில்லை. ஈஸ்வரபாண்டி மானிட்டரை அணைத்துவிட்டு எழுந்துவிட்டான். அதற்குமேல் ஆட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு சுருளிவேல் மகளோடு வந்து இறங்கினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, இன்ஹேலரை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பின்னறையைச் சுற்றிப் பார்த்தார்.

“ஏலே, இதெல்லாம் இன்னும் ஓடுதா? நானும் இதுகளும் ஒரே வயசு போல.”

“உங்கள விட நல்லா ஓடுது அண்ணே” என்றான் ஈஸ்வரபாண்டி. சொன்ன பிறகு அந்தக் கேலி அவனுக்கே உறைத்தது.

“ஓடட்டும். சீக்கிரம் போடு.” மகள் பக்கம் திரும்பினார். “தாயி, அங்கன மேல டிவி கெடையாது, கரண்டும் பாதி நாளைக்கு இருக்காது. நான் இந்த ஆட்டத்த மனசுக்குள்ளயே ஆடுவேன். மொத வீட்ட எங்கன கட்டுனேன், எப்ப மரம் வெட்ட ஆள் விட்டேன்னு ஒண்ணுவிடாம ஞாபகம் இருக்கு. எம்புட்டோ தடவ ஆடிப் பாத்துட்டேன், எங்கன தப்புப் பண்ணேன்னு மட்டும் பிடிபடவே இல்ல. அத ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும்.”

ஈஸ்வரபாண்டி பதிவை ஓடவிட்டான்.

முதல் ஐந்து நிமிடம் எல்லாம் சரியாகத்தான் போனது. சுருளிவேல் கைதட்டினார். “பாத்தியா, பாத்தியா, சொன்னேன்ல, ஆத்தோரமா மொத வீடு!” உமாவும் சிரித்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியது. வெர்சன் மாறினால் ஒரு மரம் ஓரடி தள்ளி முளைக்கும், ஓர் ஆள் ஒரு நொடி பிந்தி வருவான். கட்டளை மட்டும் பழையபடியே வந்துகொண்டிருக்கும். நீல ஆட்களில் பத்துப் பேர் மரம் வெட்டப் போனார்கள். போன இடத்தில் மரம் இல்லை. மரத்தடி என்று நினைத்த இடத்தில் கோடரியோடு சும்மா நின்றார்கள். வயலுக்கு ஒருவரும் போகவில்லை. படைவீடு கட்ட வேண்டிய இடத்தில் வேறொரு வீடு மறித்துக்கொண்டு நின்றது. பதினோராவது நிமிடம் யாருக்கும் தெரியாமல் கடந்துபோனது. சிவப்பில் தங்கம் இல்லாததால் அறுபது குதிரைக்குப் பதில் நாலே நாலு குதிரைதான் கிளம்பியது. அந்த நாலும் வந்து, நின்றுகொண்டிருந்த நீல ஆட்களை நின்ற வாக்கிலேயே வெட்டிச் சாய்த்தன. தடுக்க ஒரு காவலாளிகூட இல்லை.

‘நீலம் தோல்வியை ஒப்புக்கொண்டது’ என்று திரையில் வந்தது.

சுருளிவேல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இம்புட்டு மடத்தனமாவாடா ஆடுனேன்? பத்துப் பேரச் சும்மா நிறுத்தி வச்சுக்கிட்டு! நான் என்னமோ பெரிய சூரன்னு நெனச்சுக்கிட்டுல்ல இருந்தேன். குதிர நூறு வந்துச்சுன்னு என் ஞாபகத்துல இருக்கு. நாலுதான் வந்துருக்கு. மனசு எப்படியெல்லாம் கூட்டிச் சொல்லுது பாரு.”

ஈஸ்வரபாண்டி எதிர்பார்த்தது இது அல்ல. மறைத்தால் போதும் என்று நினைத்திருந்தான். அண்ணன் தன்னையே மடையன் என்று சொல்லிக்கொண்டு சிரிப்பார் என்று அவன் நினைக்கவில்லை. அவர் ஆடிய ஆட்டத்தில் ஒரு பிசகும் இல்லை என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

சுருளிவேல் நாற்காலியை நகர்த்தித் தம்பி பக்கத்தில் வந்தார். அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். காய் பறித்துக் கருத்துப்போன, தோல் வெடித்த விரல்கள்.

“பாண்டி, ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்கிறாத. இத்தன வருசமா உம்மேல எனக்கு ஒரு சந்தேகம் உள்ளுக்குள்ள கெடந்துச்சு. நீ ஏதோ செஞ்சுட்டன்னு. பொங்கலுக்கு வந்து சிரிச்சுப் பேசுவேன், ஆனா உள்ளுக்குள்ள அது கெடக்கும். கூடப் பொறந்தவனப் போயி இப்படி நெனச்சுக்கிட்டே இருவத்திரண்டு வருசம் இருந்துருக்கேன். இன்னிக்கித்தான் பாத்தேன், நாந்தான் கோட்ட விட்டுருக்கேன். என்னய மன்னிச்சுருடா.”

சந்தேகத்தை அவன் தாங்கியிருப்பான். திட்டை, அடியைக்கூடத் தாங்கியிருப்பான். மன்னிப்பை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கையை உருவிக்கொண்டான்.

“இல்லண்ணே. இது... இது சரியான வெர்சன் இல்ல. மாத்திப் போட்டுட்டேன்.” மிசின் பக்கம் திரும்பினான். “சரியானதப் போடுறேன். பாருங்க.”

“அதான் பாத்தாச்சேடா.”

“பாக்கணும்ணே.”

பழைய வெர்சனை ஏற்றிப் பதிவை மறுபடி ஓடவிட்டான். இந்தத் தடவை நீல ஆட்கள் ஒருவரும் சும்மா நிற்கவில்லை. மரம் சரிந்தது, வயல் விளைந்தது, ஆற்றோரம் மதில் எழுந்தது. ஒரு கை வீணாகவில்லை. சுருளிவேலின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்து, வேறொரு கவனம் வந்து உட்கார்ந்தது. பத்து நிமிடம் முடிந்தது. ஈஸ்வரபாண்டி திரையின் மூலையைச் சுட்டிக் காட்டினான்.

இருநூறு, பத்தாயிரத்து இருநூறானது.

உமாவுக்குத்தான் முதலில் புரிந்தது. “சித்தப்பா...” என்று ஆரம்பித்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஆட்டம் தன்பாட்டுக்கு ஓடியது. அறுபது குதிரைகள் வந்தன. நீலக் கோட்டை கடைசிச் செங்கல்வரை நின்று சண்டை போட்டுச் சரிந்தது.

“தாயி” என்றார் சுருளிவேல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “முக்குக் கடையில போயி மூணு டீ சொல்லி வாங்கிட்டு வா. மெதுவா வா.”

அவள் போனாள். ஈஸ்வரபாண்டி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். “அட்டைக்குப் பயந்துட்டேண்ணே” என்றான். நாற்பத்துமூன்று வயது ஆள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இதைச் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். “உங்க படிப்பப் பறிச்சுட்டேன். அப்பா உங்களத் தியாகின்னு சொல்லும்போதெல்லாம் செத்துச் செத்துப் பொழச்சேன். நேத்துக்கூட மறைக்கத்தான் பாத்தேன். நீங்க மன்னிப்புக் கேட்டீக பாருங்க, அது முடியலண்ணே. என்னய என்ன வேணாலும் சொல்லுங்க.”

சுருளிவேலின் நெஞ்சில் இழுப்பு விசில் மாதிரிக் கேட்டது.

“படிப்பு போனது போயிருச்சு. தோட்டமும் எனக்குப் பழகிப்போச்சு. உம்மேல சந்தேகம் இருந்துச்சுன்னு சொன்னேன்ல, அதுவும் பழகிப்போச்சுடா. அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும். இப்பச் செத்த நேரத்துக்கு முன்னாடி, என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லன்னு நெனச்சேன். ஒரு கால் மணி நேரம் இருக்குமா? அம்புட்டு லேசா இருந்துச்சு. மூச்சுகூட இழுக்கல. என் ஆயுசுல அப்படி இருந்ததே இல்ல.” தம்பியைத் திரும்பிப் பார்த்தார். “அதக் குடுத்துட்டு ஏண்டா பிடுங்குன?”

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று ஈஸ்வரபாண்டி நினைத்திருந்தான். இறங்கத்தான் செய்தது. அது இறங்கிய இடம் அண்ணனுடைய தோள் என்பது இப்போதுதான் தெரிந்தது. மறுபடியும் தன் பயத்துக்கு அவரைத்தான் மலையேற்றி அனுப்பியிருக்கிறான்.

“எந்திரி. கண்ணத் தொடச்சுக்க” என்றார் சுருளிவேல். கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது. “மொதல்ல ஒன்னு போட்டியே, நான் மடத்தனமா ஆடுன ஆட்டம். அதயே இன்னொரு தடவ போடு. புள்ள டீயோட வர்றதுக்குள்ள பாத்துக்கிறேன்.”

“அண்ணே, அது பொய்யிண்ணே.”

“தெரியும்டா. போடு.”

கண்ணீரில் எழுத்துகள் சரியாகத் தெரியாமல் இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை பிந்தைய வெர்சனைத் திறந்து பதிவை ஓடவிட்டான் ஈஸ்வரபாண்டி. சுருளிவேல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கோடரியோடு சும்மா நிற்கப்போகிற தன்னுடைய ஆட்களை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்.